சி ட்ரைவின் அனாமத்துக் கணக்கு

இரவு பதினொன்றரை மணி. மறுநாள் காலை பத்து மணிக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். லேப்டாப் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கிறது: சி ட்ரைவில் இடம் இல்லை. திறந்து பார்த்தால் பட்டை முழுக்கச் சிவப்பு. மீதி இருப்பது 700 எம்பி.

ஹாஸ்டல் அறையில் இருக்கும் நாலு பேரும் கூடி ஆலோசனை நடக்கிறது. "படத்தையெல்லாம் அழிடா" என்கிறான் ஒருவன். படங்கள் போன மாதமே போய்விட்டன. "அப்ப அந்தக் கல்யாண வீடியோவைத் தூக்கு. அதுதான் பெருசா இருக்கு." அக்காவின் கல்யாண வீடியோ, 38 ஜிபி. ஸ்டுடியோக்காரர் பென் ட்ரைவில் கொடுத்தது. அந்தப் பென் ட்ரைவ் எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. இவ்வளவு பெரியதை ரீசைக்கிள் பின்னும் தாங்காது, அதனால் நிரந்தரமாக அழிக்கலாமா என்று விண்டோஸ் கேட்கிறது. கொஞ்ச நேரம் தயக்கம். அப்புறம் 'யெஸ்'. பட்டை நீலமாகிறது, ரிப்போர்ட் சேவ் ஆகிறது, எல்லோரும் தூங்கப் போகிறார்கள்.

இரண்டு மாதம் கழித்து அதே பட்டை மறுபடியும் சிவப்பு!

இப்படி ஒரு கதை இல்லாத ஹாஸ்டல் இருக்காது. ஆளும் மாறும், ஜிபியும் மாறும், அவ்வளவுதான். இதில் வருத்தமான விஷயம், அன்று இரவு அதே லேப்டாப்பில் அழித்தால் யாரும் அழாத இடம் வேறு இருந்திருக்கும் என்பதுதான். அது கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது அக்கா கல்யாணம் மட்டுமே. கணினி தன் சாமான்களைப் பரணில் ஒளித்து வைத்துவிட்டு, வீட்டுக்காரனின் சாமான்களை மட்டும் கூடத்தில் பரப்பி வைக்கிறது. இடம் போதவில்லை என்றதும் எது வெளியே போகும் என்று சொல்லவா வேண்டும்?

இருப்பாய்வு பொருந்தாது

பதினொன்றாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். இருப்பாய்வில் பற்றும் வரவும் பொருந்தாவிட்டால், வித்தியாசத் தொகையைத் தற்காலிகமாக அனாமத்துக் கணக்கில் போடுவார்கள். பிறகு பிழையைத் தேடிப் பிடித்து அந்தக் கணக்கை முடிக்க வேண்டும். முடிக்காமல் வருடக்கணக்கில் விட்டு வைத்தால் ஆடிட்டர் சும்மா விடமாட்டார்.

இப்போது ஒரு சின்ன சோதனை. சி ட்ரைவைத் திறந்து, கண்ணில் படும் எல்லா ஃபோல்டர்களையும் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸ் பார்க்கவும். அங்கே வரும் மொத்தத்தை, சி ட்ரைவின் ப்ராப்பர்ட்டீஸில் காட்டும் 'பயன்படுத்திய இடம்' என்ற தொகையோடு ஒப்பிடவும். பெரும்பாலும் இரண்டும் பொருந்தாது. பல கணினிகளில் பத்து, இருபது ஜிபிகூட இடிக்கும். அதுதான் சி ட்ரைவின் அனாமத்துக் கணக்கு. அதை யாரும் முடிப்பதும் இல்லை, முடிக்கச் சொல்லி யாரும் கேட்பதும் இல்லை.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, முதலிலிருந்தே இல்லாத இடம். இன்னொன்று, இருந்தும் மறைந்திருக்கும் இடம்.

இல்லாத இடம்

256 ஜிபி என்று வாங்கிய எஸ்எஸ்டியை விண்டோஸ் 238 ஜிபி என்று காட்டும். 512 என்பது 476 ஆகும். ஒரு டிபி என்பது 931 ஜிபி ஆகும். இதில் திருட்டு எதுவும் இல்லை, அளவுகோல்தான் வேறு. தயாரிப்பாளர் ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி, ஏறத்தாழ 107 கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறது. இந்தக் குழப்பம் வேண்டாம் என்று 1998-லேயே 1024 கணக்குக்குக் 'கிபிபைட்' மாதிரித் தனிப் பெயர்கள் தரப்பட்டன. 2009-ல் ஆப்பிள் தன் மேக் கணினிகளை 1000 கணக்குக்கு மாற்றிவிட்டது. விண்டோஸ் இன்னமும் 1024-ல் எண்ணிவிட்டு, பக்கத்தில் ஜிபி என்றே எழுதுகிறது.

அமெரிக்காவில் இதை நீதிமன்றம் வரை கொண்டு போனார்கள். 80 ஜிபி என்று வாங்கிய ஹார்ட் டிஸ்க் 74 சொச்சம்தான் காட்டுகிறது என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் மீது ஒரு வழக்கு. 2006-ல் சமரசம் ஆனது. வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? பேக்கப் எடுக்கும் மென்பொருள் ஒன்று, இலவசம். இடம் குறைகிறது என்று வந்தவர்களிடம், இருக்கும் இடத்தையும் நிரப்ப ஒரு மென்பொருள்! 2007-ல் சீகேட் நிறுவனமும் இதே மாதிரி வழக்கில் சமரசத்துக்கு வந்தது. அங்கே 5 சதவீதப் பணம் அல்லது மென்பொருள், எது வேண்டுமோ அது. இரண்டு நிறுவனங்களும் தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது பெட்டியில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, ஒரு ஜிபி என்பது 100 கோடி பைட், உண்மையில் பயன்படுத்தக் கிடைக்கும் இடம் குறைவாக இருக்கும் என்று பொடி எழுத்தில் அச்சிடுகிறார்கள். சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். 2011-ன் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி அதில் நிகர எடை அச்சிட்டாக வேண்டும், காகிதத்தின் எடையைச் சேர்க்கக் கூடாது. ஐந்து ரூபாய் பொருளுக்கு நிகர எடை உண்டு, ஐம்பதாயிரம் ரூபாய் லேப்டாப்புக்கு 'நிகர இடம்' கிடையாது. விண்டோஸும், கம்பெனிக்காரர் போட்டுத் தரும் மென்பொருள்களும், ரெக்கவரி பார்ட்டிஷனும் போக, வாங்கியவர் கையில் எவ்வளவு நிற்கும் என்று பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு வரி போட்டால் என்ன?

மறைந்திருக்கும் இடம்

சரி, இருக்கும் இடத்துக்கு வரலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் சி ட்ரைவின் அனாமத்துக் கணக்கில் சாதாரணமாகச் சிக்கும் ஆசாமிகள் இவர்கள்.

1. ஹைபர்னேஷன் ஃபைல். கணினியை ஹைபர்னேட் செய்யும்போது ரேமில் இருப்பதை எழுதி வைக்கும் ஃபைல் இது. விண்டோஸ் 10 முதல் சாதாரணமாக ரேமில் 40 சதவீத அளவு எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி ரேம் என்றால் 3.2 ஜிபி, 16 என்றால் 6.4 ஜிபி. ஹைபர்னேட் வசதியைத் தொட்டே பார்க்காதவர் கணினியிலும் இது உட்கார்ந்திருக்கும். நிறுத்தலாம், ஆனால் நிறுத்தினால் வேகமாக பூட் ஆகும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியும் போய்விடும். தெரிந்து செய்ய வேண்டிய பேரம் இது.

2. பேஜ் ஃபைல். ரேம் போதாதபோது கைகொடுப்பது. இதில் கை வைக்காமல் இருப்பது நல்லது. ஆனால் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

3. சிஸ்டம் ரெஸ்டோர். பழைய நிலைக்குத் திரும்புவதற்கான பிரதிகள். இதற்கு ட்ரைவில் எத்தனை சதவீதம் என்று 'சிஸ்டம் ப்ரொடெக்‌ஷன்' பகுதியில் ஒரு நகர்த்தி இருக்கும். 238 ஜிபி ட்ரைவில் 5 சதவீதம் என்றால் ஏறத்தாழ 12 ஜிபி. அதை 2 சதவீதமாக்கினால் 7 ஜிபி வரை மிச்சம். சுத்தமாக நிறுத்திவிட்டால், ஒருநாள் அப்டேட் சொதப்பும்போது திரும்பி வர வழி இருக்காது.

4. விண்டோஸ்.ஓல்டு. பெரிய அப்டேட் போட்டதும் பழைய விண்டோஸ் முழுசாக இந்த ஃபோல்டரில் இருக்கும். மனம் மாறித் திரும்பிப் போவதற்குப் பத்து நாள் அவகாசம். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததை ஒட்டி 11-க்கு மாறிய பலருடைய கணினியிலும் இது வந்து போயிருக்கும். இருபது ஜிபிகூட எடுக்கும். பத்து நாளில் பொதுவாகத் தானே போய்விடும், போகாவிட்டால் டிஸ்க் க்ளீனப்பில் 'க்ளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' வழியாக அனுப்பலாம்.

5. ரிசர்வ்டு ஸ்டோரேஜ். 2019-ல் வந்தது. அப்டேட்டுக்கு இடம் இல்லாமல் திண்டாடக் கூடாது என்று விண்டோஸ் தனக்கென எடுத்து வைக்கும் 7 ஜிபி அளவிலான இடம். ட்ரெயினில் ஜன்னல் சீட்டில் கர்ச்சீப் போட்டு வைப்பது மாதிரி. :-)

6. போனின் நிழல். ஐபோனைக் கணினியோடு இணைத்து ஒருமுறை பேக்கப் எடுத்திருந்தால், அது பயனரின் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள் எங்கோ பல ஜிபியாக உட்கார்ந்திருக்கும். போனை விற்று இரண்டு வருடம் ஆகியிருந்தாலும் நகராது.

7. டெலிகிராம். இதைப் பற்றிக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பார்த்த வீடியோ, பார்க்காத வீடியோ எல்லாம் அதன் கேஷில் சேரும். 'மேனேஜ் லோக்கல் ஸ்டோரேஜ்' என்ற இடத்தில் காலி செய்யலாம். சாட்டில் இருக்கும் வரை மறுபடி இறக்கிக்கொள்ளலாம் என்பதால் பயம் இல்லை.

அக்கா கல்யாணத்துக்கு முன்னால் இந்தப் பட்டியலில் இருக்கும் பாதியைக் கேட்டிருந்தாலே அந்த ரிப்போர்ட் சேவ் ஆகியிருக்கும். வேர்டு ஃபைலுக்குத் தேவைப்பட்டது சில எம்பிதானே!

கண்டுபிடிக்க ஒரு படம்

இடம் எங்கே போனது என்று தேடுவதற்கான நல்ல வழி இதே மாதிரி ஒரு நெருக்கடியில்தான் பிறந்தது. 1990-ல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் 14 பேர் 80 எம்பி ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். ஜிபி அல்ல, எம்பி! அது அடிக்கடி நிரம்பிவிடும். யார் எவ்வளவு எடுத்திருக்கிறார்கள் என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்று பென் ஷ்னைடர்மன் என்ற பேராசிரியர் யோசித்தார். முழு டிஸ்க்கையும் ஒரு செவ்வகமாக வரைந்து, ஒவ்வொரு ஃபோல்டரையும் அதன் அளவுக்கு ஏற்ற சின்னச் செவ்வகமாக உள்ளே அடுக்கினார். இதற்கு 'ட்ரீமேப்' என்று பெயர்.

காமர்ஸ் மாணவர்கள் இந்தப் படத்தை வேறு இடத்தில் பார்த்திருப்பார்கள். பங்குச் சந்தையில் எந்தக் கம்பெனி ஏறியது, எது இறங்கியது என்று பச்சையும் சிவப்புமாகக் கட்டம் கட்டமாகக் காட்டும் படம் இதன் வாரிசுதான். ஸ்மார்ட்மணி இதழுக்காக 1998-ல் மார்ட்டின் வாட்டன்பர்க் உருவாக்கிய சந்தை வரைபடம் அதைப் பிரபலமாக்கியது. நிரம்பிப் போன ஒரு ஹார்ட் டிஸ்க்குக்காக வரைந்த படம் பங்குச் சந்தை வரை போயிருக்கிறது!

அதே படத்தை இன்று இலவசமாக எந்த லேப்டாப்பிலும் வரையலாம். வின்டிர்ஸ்டாட் பல வருடங்களாகப் புழக்கத்தில் இருப்பது. விஸ்ட்ரீ, ஃபைல்களின் பட்டியலை ட்ரைவிலிருந்து நேரடியாகப் படிப்பதால் பெரும்பாலும் சில நொடிகளிலேயே காட்டிவிடும். லினக்ஸ்காரர்களுக்கு பாவோபாப் இருக்கிறது. எதையும் நிறுவ விருப்பமில்லை என்றால் விண்டோஸின் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ், அதற்குள் இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் 'சிஸ்டம் அண்ட் ரிசர்வ்டு' என்று ஒரு வரி. ஹைபர்னேஷன், ரெஸ்டோர், ரிசர்வ்டு எல்லாவற்றுக்கும் தனித்தனித் தொகை அங்கே இருக்கிறது.

அவசரத் துடைப்பம் வேண்டாம்

மறைந்த இடத்தைத் தேடக் கிளம்பியவர் ஒரு உற்சாகத்தில் எல்லாவற்றையும் துடைத்துவிடுவதும் உண்டு. சில எச்சரிக்கைகள்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று பெரிதாகத் தெரியும். கையால் அழிக்கக் கூடாது. அது காட்டும் அளவும் முழுக்க உண்மையில்லை, ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் எண்ணப்பட்டிருக்கும்.

தற்காலிக ஃபைல்களை நீக்கும் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்பதும் ஒரு வரியாக நிற்கும். எல்லாவற்றுக்கும் டிக் அடித்தால் ஹால் டிக்கெட் முதல் ஆஃபர் லெட்டர் வரை போய்விடும்.

ஒன்ட்ரைவ் ஃபோல்டரில் இருக்கும் படத்தை டெலீட் செய்தால் மேகத்திலிருந்தும் போகும். இடம் மட்டும் வேண்டும் என்றால் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டேலி பழகுபவர்கள் கவனிக்கவும். அதன் டேட்டா பெரும்பாலும் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் 'பப்ளிக்' என்ற இடத்தில் இருக்கும். யாருடையது என்று தெரியாத ஃபோல்டர் என்று அழித்தால், போவது ஒரு வருடக் கணக்கு.

ஒரே க்ளிக்கில் சுத்தம் என்று கூவும் மென்பொருள்களிடமும் எச்சரிக்கை தேவை. 2017-ல் மிகப் பிரபலமான சிக்ளீனரின் ஒரு பதிப்பிலேயே விஷமிகள் தீம்பொருளைச் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பதிப்பு சென்று சேர்ந்தது 22.7 லட்சம் பயனர்களுக்கு. நல்ல பெயர் எடுத்ததற்கே இந்தக் கதி என்றால், விளம்பரப் பெட்டியில் மின்னுவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டகமும் பாஸ்புக்கும்

மறைத்து வைப்பதற்கு நியாயம் இல்லையா? இருக்கிறது. சிஸ்டம் ஃபைல்களைக் கூடத்தில் பரப்பினால், சிவப்புப் பட்டையைக் கண்ட பதற்றத்தில் யாராவது அதையும் அழிப்பார்கள், மறுநாள் கணினி எழாது. அந்தப் பாதுகாப்பு வேண்டியதுதான்.

ஆனால் தொட முடியாமல் வைப்பது வேறு, கணக்கில் காட்டாமல் வைப்பது வேறு. வங்கி தன் பெட்டகத்துக்குள் யாரையும் விடாது. பாஸ்புக்கை மட்டும் கையில் கொடுத்துவிடும். விண்டோஸிடம் பாஸ்புக் இருக்கிறது, நாலு கதவு தாண்டி அலமாரிக்குள் இருக்கிறது. இடம் தீர்ந்துவிட்டது என்று எச்சரிக்கும் அந்தப் பெட்டியிலேயே 'என் பொருட்கள் இவ்வளவு, உங்கள் பொருட்கள் இவ்வளவு, என்னுடையதில் இவ்வளவு விட்டுத்தர முடியும்' என்று மூன்று வரி போடுவது ஒன்றும் முடியாத காரியம் இல்லை. மேக் கணினியும் உத்தமர் இல்லை. 'சிஸ்டம் டேட்டா' என்று ஒரு சாம்பல் கட்டத்தைக் காட்டும், உள்ளே என்ன என்று சொல்லாது. தணிக்கைக்கு வந்த நிறுவனம் 'இதர செலவுகள்' என்று ஒரே வரியில் பாதித் தொகையை எழுதிக் கொடுத்தால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

அவர்கள் மாறும் வரை காத்திருக்கவும் வேண்டாம். மாதம் ஒருமுறை, பட்டை நீலமாக இருக்கும்போதே, பத்து நிமிடம் ஒதுக்கி அந்தச் செவ்வகப் படத்தைப் பார்த்துவிடலாம். நெருக்கடியில் எடுக்கும் முடிவுதான் பெரும்பாலும் தவறான ஃபைலின் மேல் விழுகிறது. இன்னொன்று, ஒரே ஒரு பிரதியாக இருக்கும் எதையும் அழிக்கக் கூடாது. சினிமா மறுபடி கிடைக்கும், மென்பொருள் மறுபடி கிடைக்கும். தாத்தா பேசிய வீடியோ கிடைக்காது.

பழைய ஹார்ட் டிஸ்க்கில் அழித்ததை மீட்டுத் தரும் மென்பொருள்கள் ஓரளவு கைகொடுத்தன, ஏனென்றால் அங்கே பெயர் மட்டும்தான் அழியும், உள்ளடக்கம் வேறு ஒன்று மேலே எழுதப்படும் வரை கிடக்கும். இன்றைய எஸ்எஸ்டியில் 'ட்ரிம்' என்ற ஏற்பாடு, அழித்த இடம் இனி வேண்டாம் என்று உடனே சொல்லிவிடுகிறது. எஸ்எஸ்டியும் அதைச் சீக்கிரமே காலி செய்துவிடும். பிறகு மீட்பது ஏறக்குறைய முடியாது.

அந்த ஹாஸ்டல் பையனுக்கு அது பிறகுதான் தெரிந்திருக்கும். தீபாவளிக்கு வீட்டுக்குப் போகும்போது அக்கா குழந்தையோடு வந்திருப்பாள். "தம்பி, அந்தக் கல்யாண வீடியோ உன் லேப்டாப்புலதானே இருக்கு? டிவியில போடேன், பாப்பா பாக்கட்டும்" என்பாள்.

அந்த நேரத்திலும் அவன் மடியில் இருக்கும் லேப்டாப்பில், விண்டோஸ் ஒதுக்கி வைத்த 7 ஜிபி பத்திரமாகவே இருக்கும்.